சல்லடை எடம் பாத்த கதை

ஒரு காட்டுல, மலை முடிஞ்சு ஓடை தொடங்குற எடத்துல, ஒரு சருகுமான் குடியிருந்தான். சருகுமான் பாத்திருக்கீங்களா புள்ளைகளா? மொயல் அளவு ஒடம்பு, குச்சி மாதிரி காலு, முதுகு பூரா வெள்ளைப் புள்ளி. மான்னு பேரு மட்டுந்தான், கொம்பு கெடையாது. யாராவது தும்முனா போதும், ஆளு புதருக்குள்ள போயிருவான்.

நம்ம ஆளுக்குக் காடே சேந்து வச்ச பேரு சல்லடை. எதக் குடுத்தாலும் சலிச்சுச் சலிச்சுப் பாப்பான். ஒரு நெல்லிக்கா விழுந்தா ஒடனே திங்க மாட்டான். "இது ஏன் இன்னைக்கு விழுந்துச்சு? நேத்து ஏன் விழல? நாளைக்கு விழுந்தா இதுக்கு என்ன கொறச்சல்?"னு அதச் சுத்திச் சுத்தி வருவான். அதுக்குள்ள அவன் பொண்டாட்டி பொட்டு வந்து லபக்குன்னு வாயில போட்டு மென்னுட்டுப் போயிருவா.

போன கோடையில மலை உச்சியில தீ புடிச்சுச்சு. உச்சியிலயே அணைஞ்சும் போச்சு. சல்லடை வீட்டுக்குப் பொகை கூட வரல. ஆனா சல்லடைக்கு மனசுக்குள்ள புடிச்ச தீ அணையவே இல்ல.

"பொட்டு, தீ எறங்கி வந்திருந்தா?"

"வரலையே."

"வெள்ளம் வந்தா?"

"இப்ப வெயிலு அடிக்குதுங்க."

"வெயிலு இப்படியே அடிச்சு ஓடை வத்திப் போச்சுன்னா?"

"இப்பத்தான வெள்ளம்னீங்க!"

இப்படியே நாள் பூரா. உக்காந்தா எந்திரிப்பான், எந்திரிச்சா நடப்பான், நடந்தா திரும்பிப் பாப்பான். பொட்டுக்கு வேற வயித்துல குட்டி. மழைக்காலமும் வரப்போகுது. குட்டி பொறக்குறதுக்குள்ள, எந்த ஆபத்து வந்தாலும் அசையாத ஒரு எடமாப் பாத்துக் குடிபோயிரணும்னு சல்லடை முடிவு கட்டிட்டான்.

அவனுக்கு அந்த ஊரு புடிக்காததுக்கு இன்னொரு காரணமும் இருந்துச்சு. அக்கம்பக்கம்.

ஓடைக்கரை மணல்ல ஆள்காட்டிக் குருவி ஒருத்தி இருந்தா. பேச்சியக்கான்னு பேரு. நெட்டைக் காலு, செவத்த மூக்கு, அதவிடச் செவத்த கோவம். எது அசைஞ்சாலும் அவளுக்கு ஊரக் கூட்டியாகணும். "யாரது! யாரது! போறான் பாரு! போறான் பாரு!" ஒருநாள் தொண்டை கிழியக் கத்துனா. எல்லாரும் விழுந்தடிச்சு ஓடுனாங்க. கடைசியில பாத்தா ஒரு ஆமை. அதுவும் எதிர்ப்பக்கம் போய்க்கிட்டிருந்துச்சு.

நாவல் மரத்து உச்சியில ஒச்சப்பன்னு ஒரு மந்தி. அவன் பாதிப் பழத்தத் திம்பான், மீதிப் பாதியக் கீழ எறிவான். அது நேரா வந்து சல்லடை மண்டையில விழும். நடுநடுவுல தூரத்துல எதையாவது பாத்துட்டு, "கக்! கக்கர்! கக்!"னு எலும்பு சிக்கினவன் மாதிரி இருமுவான். அவன் இருமுனா புள்ளிமானுங்க "ஞை!"னு கத்தும். புள்ளிமான் கத்துனா மயிலு "ஆங்ஓ!"ன்னு கத்தும். மயிலு கத்துனதும் பேச்சியக்கா, "என்னது! என்னது! நான் பாக்காமயா!"ன்னு மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிப்பா.

"இது ஊரா, சந்தைக்கடையா?"ன்னு சல்லடை காத மடக்கிக்குவான்.

"கத்துனா கத்தட்டுமே. அதுனால நாம தின்னது செரிக்காமப் போகுதா?"ன்னு பொட்டு அசை போடுவா.

மறுநாள் காலையிலேயே சல்லடை எடம் பாக்கக் கெளம்பிட்டான். பொட்டு வயித்தத் தூக்கிக்கிட்டுப் பின்னாடியே போனா.

மொதல்ல ஒரு பள்ளத்தாக்கு. நல்ல நெழலு, தரையெல்லாம் மெத்துமெத்துன்னு. சல்லடை அண்ணாந்து பாத்தான். புதரோட தலையில காஞ்ச சருகும் குச்சியும் சிக்கி நின்னுச்சு.

"பாத்தியா? இது காத்துல வந்த சருகு இல்ல. தண்ணி கொண்டாந்து மாட்டிவிட்டது. மழை பேஞ்சா இங்க வெள்ளம் நம்ம தலைக்கு மேல போகும். வேணாம்."

அடுத்து ஒரு புல்வெளி. புல்லுன்னா புல்லு, நாக்குல வச்சா கரையுது. சல்லடை சுத்தியிருந்த மரத்தடியெல்லாம் மோந்து பாத்தான். அடிமரம் கரிக்கட்டை மாதிரி கறுத்திருந்துச்சு.

"ஏற்கெனவே ஒருக்கா எரிஞ்சிருக்கு. ஒருக்கா எரிஞ்சது மறுக்கா எரியாதுன்னு யாரு சத்தியம் பண்ணுவா? வேணாம்."

அதுக்கடுத்து ஒரு மூங்கில் காடு. அங்க தரையில பெரிய பெரிய வட்டமாத் தடம். ஒவ்வொரு தடத்துலயும் சல்லடை முழுசா உக்காரலாம்.

"யானை போற வழி. ராசா கணக்கா நடந்து போவாரு. கீழ யாரு இருக்கான்னு பாக்க மாட்டாரு. வேணாம்."

"ஏங்க, எனக்குக் காலு நோவுது"ன்னா பொட்டு.

"ஆபத்து வந்தா காலு நோவுதுன்னு சொல்லுவியா?"

"இப்ப ஆபத்து வரலையே. நீங்கதான வந்திருக்கீங்க!"

சரியா அந்த நேரம் பாத்து, "வணக்கம் சார்!"னு ஒரு கொரலு. திரும்பிப் பாத்தா நரி. வாலச் சீவிவிட்டு, மூஞ்சியில ஒரு சிரிப்பு. பேரு பவுன்ராசு.

சல்லடை ரெண்டே தாவுல புதருக்குள்ள போயிட்டான்.

"அய்ய, பயப்படாதீங்க சார். நான் இப்ப அந்தத் தொழில்ல இல்ல. எடம் காட்டிவிடுறேன். பொந்து, பொடவு, கொகை, எது வேணும்னாலும் பவுன்ராசுன்னு ஒரு கொரல் குடுங்க. தங்கச்சி மாசமா இருக்கு போல. அப்ப நல்ல காத்தோட்டமான எடமாப் பாக்கணுமே!"

புதருக்குள்ள இருந்து சல்லடை மூக்கு மட்டும் வெளிய வந்துச்சு. "வெள்ளம் வராத எடமா?"

"மேடு சார். அசல் மேடு. வெள்ளம் வந்தா நீங்க மேல நின்னு வேடிக்கை பாக்கலாம்."

ரெண்டு காது வெளிய வந்துச்சு. "தீ?"

"சுத்திப் பாறை சார். பாறை என்னைக்காவது எரிஞ்சு பாத்திருக்கீங்களா?"

தலை வெளிய வந்துச்சு. "பஞ்சம் வந்தா?"

"வாசல்லயே அத்தி மரம். வருசம் பூராக் காய்க்கும். பக்கத்துலயே சுனை, கோடையிலயும் வத்தாது. வாயத் தொறந்துக்கிட்டுப் படுத்தீங்கன்னா பழம் தானா விழும், நீங்க மூடுனாப் போதும்."

முழுசா வெளிய வந்துட்டான் சல்லடை. "அக்கம்பக்கம் எப்படி? சத்தம் கித்தம் போடுவாங்களா?"

நரி கொஞ்சம் குனிஞ்சு, ரகசியம் சொல்ற மாதிரி சொன்னான். "அக்கம்பக்கமே கெடையாது சார். ஒரு குஞ்சு குருமான் இல்ல. நீங்க உண்டு, உங்க நிம்மதி உண்டு."

சல்லடைக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு.

ஓடையத் தாண்டி, அந்தப் பக்கம் ஒரு குன்று. போய்ப் பாத்தா, நரி சொன்னதுல ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல. சல்லடை சும்மா நம்புறவனா? மண்ணத் தோண்டி மோந்தான். சுனைத் தண்ணிய நக்கிப் பாத்துட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு வயிறு வலிக்குதான்னு காத்திருந்து பாத்தான். புதரோட தலையில சருகு சிக்கலையே? இல்ல. அடிமரம் கறுத்திருக்கா? இல்ல. பாறையில ஒரு இடுக்கு, சருகுமான் உள்ள போகலாம், பெரிய ஒடம்பு எதுவும் நொழைய முடியாது. அத்தி மரத்தடியில பழம் கொட்டிக் கெடந்துச்சு. முழங்கால் அளவுக்கு. அடியில கெடந்ததெல்லாம் அழுகிப்போயி, புளிச்ச வாசம் அடிச்சுச்சு.

"பாத்தியா பொட்டு! திங்க ஆளில்லாமக் கெடக்கு!"

பொட்டு ஒரு பழத்த மூக்கால உருட்டுனா. "அதாங்க நானும் பாக்குறேன். இவ்வளவு நல்ல எடம். தண்ணி இருக்கு, பழம் இருக்கு. ஒரு குருவி கூடவா வந்து கொத்தல? ஏன்?"

நரி வால ஒருக்கா நீவிவிட்டான். செருமிக்கிட்டான். "எல்லாருக்கும் எடத்தோட அருமை தெரியுறதில்ல தங்கச்சி. சாரு மாதிரி வெவரமானவங்க ஒருத்தர் ரெண்டு பேருதான்."

சல்லடைக்கு மார்பு ரெண்டு விரல் ஏறிப்போச்சு. "கேட்டியா? வெவரமானவங்க! நீ சும்மா இரு பொட்டு. எல்லாத்தையும் சந்தேகப்படாத."

யாரு யாரப் பாத்துச் சொல்றான் பாத்தீங்களா!

குடிபோற அன்னைக்கு ஓடையத் தாண்டும்போது பேச்சியக்கா பாத்துட்டா. விடுவாளா?

"யாரது! யாரது! எங்கடா போற தம்பி?"

"குன்றுக்குக் குடிபோறோம்."

"அங்க போகாத! போகாத! போகாத!"

"நீ ஆமைக்கே அப்படிக் கத்துனவ"ன்னு சொல்லிட்டுச் சல்லடை பாட்டுக்கு நடந்தான். பேச்சியக்கா பறந்து பறந்து தலைக்கு மேல கத்துனா. ஓடைக்கு அந்தக் கரை வரைக்கும் வந்தா. அதுக்கு மேல வரல. கூட்டுல முட்டை இருந்துச்சு, திரும்பிப் போயிட்டா.

புது எடத்துல மொத நாள் சல்லடை சொர்க்கத்துல இருந்தான். காத நல்லா விரிச்சுக் கேட்டான். ஒண்ணுமே கேக்கல. "ஆகா! என்ன அமைதி!"

மறுநாள் குனிஞ்சு ஒரு பழத்துல வாய வச்சான். பின்னாடி ஏதோ அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. சட்டுன்னு நிமிந்தான். ஒண்ணுமில்ல. குனிஞ்சான். இப்ப வலது பக்கம் ஏதோ. நிமிந்தான். குனிஞ்சான். நிமிந்தான். ஒரு பழத்தத் தின்னு முடிக்குறதுக்குள்ள கழுத்து சுளுக்கிப்போச்சு.

பழைய ஊர்ல குனிஞ்சா குனிஞ்சபடியே திம்பான். யாராவது வந்தா யாராவது கத்துவாங்க, அப்ப ஓடிக்கலாம். இங்க கண்ணுன்னா அவன் கண்ணுதான், காதுன்னா அவன் காதுதான். முன்னாடி பாத்தா பின்னாடி தெரியல. பின்னாடி பாத்தா முன்னாடி தெரியல. மரத்து மேல என்னன்னு கேக்க மரத்து மேல ஆளில்ல. ஓடைப் பக்கம் என்னன்னு கேக்க ஓடைப் பக்கம் ஆளில்ல.

"பொட்டு, நீ தின்னு, நான் பாக்குறேன்."

"சரி."

"தின்னுட்டியா?"

"இப்பத்தான வாயில வச்சேன்."

"சீக்கிரம். இப்ப நீ பாரு, நான் திங்குறேன். பாக்குறியா? நல்லாப் பாக்குறியா? எந்தப் பக்கம் பாக்குற?"

"ஒங்களத்தான் பாக்குறேன். இளைச்சுப் போயிட்டீங்க"ன்னா பொட்டு.

நெசந்தான். முழங்கால் அளவு பழத்துக்கு நடுவுல நின்னுக்கிட்டு சல்லடை வத்தலாப் போயிட்டான். ஒரு எலை விழுந்தாப் போதும், இடுக்குக்குள்ள ஓடுவான். ஓடி உள்ள போனதும், வெளிய என்னன்னு தெரியலையேன்னு மறுபடியும் வெளிய வருவான். வந்ததும் உள்ளயே இருந்திருக்கலாமோன்னு தோணும். சந்தைக்கடை இரைச்சல்ல குறட்டை விட்டவன், சத்தமே இல்லாத எடத்துல கண்ண மூட முடியாமக் கெடந்தான். பொட்டுக்கோ வயிறு தரையத் தொட ஆரம்பிச்சிருச்சு. குட்டி இன்னைக்கோ நாளைக்கோன்னு இருந்துச்சு.

ஒருநாள் சாயங்கால வெயில்ல, இடுக்கு வாசல்ல நின்னு எட்டிப் பாத்த சல்லடை அப்படியே ஒறைஞ்சு போனான்.

"பொட்டு."

"என்னங்க."

"அத்தி மரத்துக்கு விழுது விடுமா?"

"விடாதுங்க. ஆலமரத்துக்குத்தான்."

"மஞ்சக் கலர்ல?"

"எந்த மரத்துக்கும் விடாது."

"அங்கங்க கறுப்பாப் புள்ளி வச்சு?"

பொட்டு அசை போடுறத நிறுத்துனா.

"நுனி மட்டும் இப்படி இப்படி ஆடுமா?"

பொட்டு மெதுவா வந்து எட்டிப் பாத்தா. மரத்துக் கிளையில இருந்து அந்த விழுது தொங்கிக்கிட்டிருந்துச்சு. விழுதுக்கு மேல ஒரு சிறுத்தை படுத்திருந்துச்சு.

அந்த நேரம் பாத்துக் கீழ இருந்து ஒரு கொரலு. "சார்! பவுன்ராசு வந்திருக்கேன்! புது வீடு எப்படி? பழகிருச்சா? இப்படி வெளிய வாங்களேன், காலாற நடந்துக்கிட்டே ரெண்டு வார்த்தை பேசுவோம்!"

இப்பத்தான் சல்லடைக்கு எல்லாம் வெளங்குச்சு. நரி சொன்னது அத்தனையும் நெசம். மேடு நெசம், பாறை நெசம், தண்ணி நெசம், பழம் நெசம். இங்க யாருமே இல்லங்கறதும் நெசம். ஏன் இல்லங்கறதுதான் மரத்து மேல வால ஆட்டிக்கிட்டுப் படுத்திருந்துச்சு. இருந்ததெல்லாம் அதோட வயித்துக்குள்ள போயிருச்சு, மிச்சம் மீதி ஊர விட்டே ஓடிருச்சு. வெளிய இரை தேடிப் போயிருந்தது இன்னைக்குத்தான் திரும்பியிருக்கு. அது தின்னுபோட்ட எலும்ப நக்கித்தான் பவுன்ராசு வாலு பளபளக்குது.

"உள்ளயே இருந்துருவோம்"னு முணுமுணுத்தான் சல்லடை. "இடுக்குக்குள்ள அதால வர முடியாது."

"எத்தன நாளைக்கு? எனக்கு வலி ஆரம்பிச்சிருச்சுங்க"ன்னா பொட்டு.

சல்லடைக்கு மூளையில ஒரு கேள்வி கூட வரல. வாழ்க்கையிலயே மொதல் தடவை.

பொட்டுதான் தொண்டையக் கனைச்சுக்கிட்டா. "யாரு, பவுன்ராசு அண்ணனா? நல்ல நேரத்துல வந்தீங்க! ஒங்களத்தான் தேடணும்னு பேசிக்கிட்டிருந்தோம்!"

"அப்படியா தங்கச்சி? சொல்லு சொல்லு!"

"எடம் ரொம்பப் புடிச்சுப்போச்சு அண்ணே. இவ்வளவு பழத்த நாங்க ரெண்டு பேரு மட்டும் என்ன பண்றது? எங்க பெரியப்பா மக்க, சின்னம்மா மக்க, இவரோட அக்கா குடும்பம், எல்லாம் ஓடைக்கு அந்தப் பக்கம் எடமில்லாம நெருக்கியடிச்சுக்கிட்டுக் கெடக்காங்க. கூட்டிட்டு வந்தா அவங்களுக்கும் எடம் காட்டுவீங்களா?"

வெளிய எச்சி முழுங்குற சத்தம் கேட்டுச்சு.

"எத்தன பேரு தங்கச்சி இருப்பாங்க?"

"யாரு எண்ணுனா! வருசா வருசம் பெருகிக்கிட்டே போகுது. எல்லாம் நல்லாக் கொழுகொழுன்னு இருப்பாங்க. இவர மாதிரி கவலைப்பட்டு இளைக்கிற ஆளுங்க இல்ல."

"அப்ப நானே போயி…"

"நீங்க போனா வர மாட்டாங்க அண்ணே. ஒங்களப் பாத்தாலே நரி நரின்னு பயந்துருவாங்க, வெவரமில்லாதவங்க. நாங்க போயி எடம் எப்படின்னு வாயால சொன்னாத்தான் நம்புவாங்க."

பவுன்ராசு மரத்தடிக்குப் போனான். அண்ணாந்து கிசுகிசுத்தான். மேல இருந்து ஒரு உறுமல். "எனக்கு இப்பவே பசிக்குது."

"மொதலாளி, இன்னைக்குத் தின்னா ரெண்டே வாய். அதுல ஒண்ணு வெறும் எலும்பு, நானே பாத்தேன். கொஞ்சம் பொறுத்தா வருசம் பூரா விருந்து."

வாலு நுனி இப்படி ஆடுச்சு, அப்படி ஆடுச்சு. "நீயும் கூடப் போ. நானும் பின்னாடியே வருவேன்."

அவ்வளவுதான். முன்னாடி பொட்டும் சல்லடையும், பக்கத்துல பல்லக் காட்டிக்கிட்டு நரி, பின்னாடி பொதருக்குள்ள பதுங்கிப் பதுங்கி சிறுத்தை. இப்படி ஒரு ஊர்வலம் குன்றுல இருந்து எறங்குச்சு. சல்லடை காலு நாலும் "ஓடு ஓடு"ங்குது.

"நடங்க"ன்னு பொட்டு பல்ல இறுக்கிக்கிட்டுச் சொன்னா. "ஓடுனா நாம இரை. நடந்தா நாம கஸ்டமரு."

நரி வழி பூராவும் வாய மூடல. "அந்தத் தெக்குப் பாறை இருக்கு பாருங்க, அத ஒங்க அக்காவுக்குக் குடுத்துருவோம். பெரியப்பா மக்களுக்கு மரத்துக்கு நேர் கீழ. நல்ல எடம், எனக்கே ஆசையா இருக்கு."

"சரிங்க, சரிங்க"ன்னு சல்லடை தலைய ஆட்டுனான். வேணும்னு ஆட்டல. அதுவா ஆடுச்சு.

ஓடை தெரிஞ்சுச்சு. மணல் தெரிஞ்சுச்சு. சல்லடை ஒரு காலத் தண்ணியில வச்சான்.

"யாரது! யாரது! யாரது!"

காதுல தேன் வந்து பாயுதுன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? அன்னைக்குச் சல்லடைக்குப் பாஞ்சுச்சு.

"நரி! நரி! அய்யய்யோ, அதுக்குப் பின்னாடி! பொதருக்குள்ள மஞ்சப்பய! சிறுத்தை! சிறுத்தை! சிறுத்தை!"ன்னு பேச்சியக்கா தண்ணிக்கு மேல பறந்து வந்து சிறுத்தை தலைக்கு நேரா நின்னு கத்துனா.

நாவல் மரம் ஆடுச்சு. "கக்! கக்கர்! கக்! கக்!" ஒச்சப்பன் அன்னைக்குப் பாதிப் பழத்த இல்ல, முழுப் பழத்தையே எறிஞ்சான். புள்ளிமானுங்க "ஞை! ஞை!"ன்னுச்சு. மயிலுங்க "ஆங்ஓ!"ன்னுச்சு. காடு மொத்தமும் ஒரே எடத்தக் கை நீட்டிக் காட்டுற மாதிரி ஆயிப்போச்சு.

சிறுத்தைக்கு ஒளிஞ்சிருந்தாத்தான் தொழிலு. அத்தன கண்ணும் தன் மேல விழுந்ததும், நடுத்தெருவுல வேட்டி அவுந்தவன் மாதிரி நின்னுச்சு. எங்க பாயுறது? எதப் பாத்துப் பாஞ்சாலும் அது எப்பவோ ஓடிப்போயிருந்துச்சு. பொட்டும் சல்லடையும் தண்ணிக்குள்ள விழுந்து, நீந்தி, ஊர்ப் பக்கத்துக் கரையில ஏறிட்டாங்க.

சிறுத்தை மெதுவா நரிப் பக்கம் திரும்புச்சு. "எங்கய்யா அந்தப் பெரியப்பா மக்க?"

"வந்துருவாங்க மொதலாளி, இந்தா, இப்ப வந்துருவாங்க…"

"வரட்டும். அது வரைக்கும் நீ இருக்கேல்ல."

பவுன்ராசு அன்னைக்கு எடுத்த ஓட்டத்துல சீவி வச்ச வாலு சிலுப்பிக்கிட்டுப் போச்சு. அதுக்கப்புறம் அந்தக் காட்டுல யாருக்கும் அவன் எடம் காட்டுனதாத் தெரியல.

இந்தக் கரையில, சல்லடை மூச்சு வாங்கிக்கிட்டுப் பேச்சியக்கா முன்னாடி தலையத் தொங்கப்போட்டு நின்னான். "அக்கா, நல்ல வேளை, நீ கத்துன. ரொம்ப நன்றி."

"நன்றிய வச்சு நான் என்ன பண்றது? முட்டையா பொரிக்க முடியும்?"ன்னா பேச்சியக்கா. கோவம் இன்னும் எறங்கல. "நாங்க கத்துறோம். மந்தி கத்துறான், மயிலு கத்துது, மானு கத்துது. நீ இந்த ஊர்ல இத்தன வருசம் இருந்தியே, ஒரு தடவையாவது எங்களுக்காகச் சத்தம் போட்டிருக்கியா? அந்தக் குச்சிக்கால டப்புன்னு தரையில அடிச்சா, கல்லு கூட அதிருமே. என்னைக்காவது அடிச்சியா? ஏதாவது தெரிஞ்சா சத்தமில்லாமப் புதருக்குள்ள போயிருவ. எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குச் சத்தம் புடிக்காதுக்கா"ன்னான் சல்லடை, கொரலே எழும்பாம.

"போன மாசம் கீரிப்புள்ள வந்து என் முட்டையில ஒண்ண உருட்டிட்டுப் போச்சே, அத நீ பாத்தியா இல்லையா?"

சல்லடை பாத்திருந்தான். பாத்துட்டுப் புதருக்குள்ள போயிருந்தான்.

"எடம் எடம்னு மண்ண மோந்து பாத்தியே"ன்னு மேல இருந்து ஒச்சப்பன் சொன்னான். "இந்த ஊருக்கு நீ எப்படின்னு நாங்க ஒருத்தரும் மோந்து பாக்கல பாரு. பாத்திருந்தா ஒன்ன உள்ள விட்டிருக்க மாட்டோம்."

"போதும் விடுங்க. மிச்சத்த அப்புறம் திட்டுங்க. இங்க குட்டி வருது"ன்னா பொட்டு.

எல்லாரும் வாய மூடுனாங்க. அந்தக் காடு அவ்வளவு நேரம் சத்தமில்லாம இருந்தது அன்னைக்குத்தான்.

குட்டி பொறந்துச்சு. உள்ளங்கையில அடங்குற குட்டி. நனைஞ்சு போயி, புள்ளி புள்ளியா, கண்ண முழிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. பொட்டு நக்கிக் குடுத்தா. சல்லடை பக்கத்துல நின்னு பாத்தான். முன்னாடி பாத்தான், பின்னாடி பாத்தான், மேல பாத்தான். பழைய பரபரப்பு போகுமா? போகல.

பொதருக்குள்ள "சர்ர்ர்"னு ஒரு சத்தம்.

சல்லடை ஒடம்பு வழக்கம்போலப் புதரப் பாத்துத் திரும்புச்சு. பாதி ஒடம்பு திரும்பினதும் நின்னுச்சு. மணல்ல பேச்சியக்கா முட்டை மேல உக்காந்து கண்ண மூடியிருந்தா. மரத்தடியில மந்திக்குட்டிங்க எறங்கி வெளையாடிக்கிட்டிருந்துச்சுங்க. சல்லடை காலத் தூக்குனான். டப்! டப்! டப்! தரையில அடிச்சான். அது பத்தாதுன்னு தொண்டையில இருந்து ஒரு "கீச்!" போட்டான். அவனுக்கே பயமா இருந்துச்சு.

காடு எகிறிக் குதிச்சுச்சு. மந்திங்க குட்டிகள வாரிக்கிட்டு மரத்து மேல பாஞ்சுச்சுங்க, மானுங்க தெறிச்சுச்சு, பேச்சியக்கா பறந்து சுத்தி வந்தா.

பொதருக்குள்ள இருந்து வெளிய வந்தது ஒரு தேக்கெலை. காத்துல உருண்டு உருண்டு வந்து சல்லடை காலடியில நின்னுச்சு.

"ஏண்டா, ஒரு எலைக்காடா இந்தக் கூச்சல்?"ன்னு ஒச்சப்பன் உச்சாணிக் கொம்புல இருந்து கத்துனான். "எனக்கு வாயில இருந்த பழம் போச்சேடா!"

"எலைன்னு தெரியலப்பா…"

"சும்மா இருங்கடா"ன்னா பேச்சியக்கா. மணல்ல வந்து எறங்கி, முட்டைய எண்ணாமலேயே அடியில இழுத்துக்கிட்டா. "என்னன்னு தெரிஞ்சதுக்கப்புறம் கத்துறதுக்கு நமக்கு ஆளு எதுக்கு? அவன் கத்தட்டும்."

அந்தக் கூச்சல்ல குட்டிக்கு ஒறக்கம் கலைஞ்சுருச்சு. நாலு குச்சிக்காலும் நாலு தெசைக்குப் போக, விழுந்து, எந்திரிச்சு, மறுபடி விழுந்து, கடைசியில ஒரு வழியா நின்னுச்சு. சுத்தி ஒரு பார்வை பாத்துச்சு. அப்புறம் முன்னங்கால ஒண்ணத் தூக்கி, தரையில டப்புன்னு ஒரு அடி.

காடு மொத்தமும் மறுபடியும் ஓடுச்சு.

நீதி: எடம் எவ்வளவு நல்லா இருந்தாலும் பத்தாது, ஆபத்துல நமக்குக் கொரல் குடுக்க ஆளும், அவங்களுக்குக் கொரல் குடுக்க நாமளும் இருந்தாத்தான் அது குடியிருக்க ஏத்த ஊரு.